நாலாவது பாட்டில்

1

அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். கோடு போட்ட நோட்டிலிருந்து மூன்று தாள்களைக் கிழித்து மேசையில் வைத்தாள். "தேதி, நேரம், பாட்டில் நம்பர், நீ என்ன செய்யாம விட்டேன்னு எழுது. கீழ கையெழுத்து. உன் சொந்தச் சரக்கை உள்ள நுழைக்காதே."

சரி என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரி பொய்யாக இருந்தது. அடித்தேன். மாற்றி எழுதினேன், அது இன்னும் நேர்த்தியான பொய். மூன்று தாளும் இப்படியே தீர்ந்ததும் நோட்டையே எடுத்துக்கொண்டேன். இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான்: எழுத வராமல் போன ஒரு வாக்குமூலம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். ஓர் ஏரியின் தண்ணீரில் இருக்கும் ஒற்றைச்செல் உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது அவள் வேலை. அந்த ஏரிக்குப் போய்ப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற எனக்கு அவள் பிடித்துக் கொடுத்த வேலை. போன வெள்ளிக்கிழமை நான்கு பாட்டில்களில் ஒன்றில் ஒரு மூடி மருந்து ஊற்ற மறந்தேன். நான் செய்யாமல் விட்டது அது மட்டும்தான்.

நாளை பதினோரு மணிக்கு ஒரு கூட்டம். ஏரியை வற்றவைத்து, அடியில் சிமெண்ட் பூசி, வெறும் தண்ணீர்த் தொட்டியாக மாற்றிவிடலாமா என்று முடிவு செய்யும் கூட்டம். 'இது உயிரற்ற ஏரி' என்ற அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போடுவாளா மாட்டாளா என்பதுதான் கதை. எனக்கும் தெரியாது.

(கதையில் வரும் பாட்டில்காரன் நான்தான். ஆனால் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்.

'ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஓர் உலகமே—'

எட்டாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்குகிற வரி. அடி.

'ஏரி செத்துப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. அதன் கரையில் ஒருத்தி—'

மிடுக்கான வரி. நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். பொய். பதினோரு வருடமாக எல்லோரும் நம்பிய அதே பொய். எழுத நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு பொய் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று இந்த வரியை அடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

'அவளுக்கு எண்ணுவது பிடிக்கும்.'

இதில் பொய் இல்லை. இங்கிருந்து போகிறேன்.

3

அவளுக்கு எண்ணுவது பிடிக்கும். மாடி ஏறினால் படிகளை எண்ணுவாள். தம்பி பேசிக்கொண்டிருந்தால், அவன் எத்தனை தடவை 'அது வந்து' என்றான் என்பதை எண்ணிவைத்து, பேச்சு முடிந்ததும் சொல்லுவாள். அவனுக்குப் பேசிய விஷயமே மறந்துபோகும்.

பரிசோதனைக்கூடத்தில் அவள் அறை இரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் கொட்டகை. ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக ஏறும் ஒரு கைக்கருவி, பக்க எண் அச்சடித்த பதிவேடுகள். அந்தப் பதிவேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பென்சிலால் எழுதக் கூடாது. அதெல்லாம் அவளே போட்ட சட்டம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வரும். ஏரிக்கும் பரிசோதனைக்கூடத்துக்கும் நடுவே பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க, படகிலேயே ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு மூடி ஃபார்மலின் ஊற்றி இறுக்கிவிட வேண்டும். கூடத்துக்கு வந்ததும் பாட்டில்கள் அலமாரியில் ஒரு நாள் அசையாமல் நிற்கும். தண்ணீரில் உள்ளதெல்லாம் அடியில் படியும். மறுநாள் அதை எடுத்து அவள் எண்ணுவாள்.

எண்ணினால் வருவது பூஜ்யம். பாரமீசியம், பூஜ்யம். காம்பில் மணி தொங்குவது போன்ற வோர்ட்டிசெல்லா, பூஜ்யம். மேலே ஓடு உள்ள ஒன்றிரண்டு வகை மட்டும் எப்போதாவது தட்டுப்படும். இதைவைத்து அவள் ஒரு பெரிய கட்டுரையே எழுதினாள்: ஏரி கொடூரமாகிவிட்டது, கவசம் உள்ளவை மட்டுமே பிழைக்கின்றன. கட்டுரைக்கு நல்ல பெயர். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் எல்லாம் சரிந்து விழுந்ததைக் காட்டும் அவளுடைய வரைபடம் கண்ணாடி போட்டு நடைபாதையில் மாட்டப்பட்டது. பார்வையாளர்கள் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

கூடத்தில் அவளுக்கு 'சைபர் அக்கா' என்று பெயர்.

"என்ன சைபர் அக்கா, இன்னிக்கு எவ்வளவு?" என்று தட்டச்சு செய்பவர் தினமும் கேட்பார்.

"உன் மூளை எவ்வளவோ அவ்வளவு."

4

படகுக்காரர் அறுபதை நெருங்குகிறவர். ஏரியில் நான்கு இடங்களுக்கும் பாட்டில்காரனைத் துடுப்புப் போட்டுக் கூட்டிப்போவது அவர்தான். பரிசோதனைக்கூடத்தின் மேல் அவருக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஒவ்வொரு வெள்ளியும் அதை எடுப்பார்.

"ஏம்ப்பா, தண்ணி செத்துப்போச்சுன்னு உங்க அக்கா சொல்றாங்க. அப்போ என் வலையில வர்றது என்ன, மீனோட ஆவியா?"

"மீனெல்லாம் கரையோரப் பூச்சியைத் தின்னு வளருதாம். அறிக்கையில இருக்கு."

"பெரிய மீன் தின்னும். குஞ்சு? பொரிச்சு மூணு நாளான குஞ்சோட வாயைப் பாத்திருக்கியா நீ? குண்டூசித் தலையில பாதி இருக்காது. அதுக்குள்ள எந்தப் பூச்சியை நுழைப்பாங்க உங்க அக்கா? மடிச்சா?"

பாட்டில்காரன் இதை ஒருமுறை அக்காவிடம் கேட்டான். "வலை வீசறவருக்கு வலை தெரியும், அவ்வளவுதான்," என்றாள். ஆனால் அன்று முழுக்க அவள் எதையும் எண்ணிச் சொல்லவில்லை.

போன வெள்ளி, வழக்கு எதுவும் இல்லை. படகுக் கொட்டகைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படகுக்காரர் கண்ணாடி கொண்டுவரவில்லை. "படி," என்றார்.

அவன் படித்தான். மாதக் கடைசிக்குள் நாற்பத்திரண்டு படகுகளையும் அப்புறப்படுத்த வேண்டும். அடுத்த மாதம் முதல் மதகு திறக்கப்பட்டு ஏரி வற்றவைக்கப்படும். கூட்டத்தின் இறுதி ஒப்புதலுக்கு உட்பட்டது.

"சரியாப் படிச்சியா? இன்னொரு தடவை படி."

படித்தான்.

"அடியில பொடியா ஏதோ இருக்கே?"

"ஆதாரம்… நுண்ணுயிர் எண்ணிக்கை அறிக்கை."

அவர் படகை அவிழ்த்தார். முதல் பாட்டில், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு மூடி ஊற்றி இறுக்கினான். நாலாவது இடம் ஏரியின் நடுவில். பாட்டிலைத் தண்ணீரில் முக்கி எடுத்த நேரத்தில் அவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உங்க அக்காவுக்கு என் மேல ஏதாவது கோவமா?"

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. வெறும் மூடியை எடுத்துத் திருகி, பெட்டியில் வைத்தது.

[இதை வாக்குமூலத்தில் எப்படி எழுதுவது? 'கவனக்குறைவால்' என்று அக்கா எழுதச் சொல்லுவாள். கவனம் குறையவில்லை. அத்தனை கவனமும் அந்தக் கேள்வியில் போய் நின்றது.]

5

மதியம் ஒன்றரைக்குப் பெட்டி வந்தது. வழக்கமான வெள்ளியாக இருந்தால் பாட்டில்கள் அலமாரிக்குப் போயிருக்கும். ஆனால் கூட்டத்துக்கான அறிக்கையில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அன்றே நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. எப்படியும் பூஜ்யம்தானே. பெட்டியில் மேலாக இருந்த பாட்டிலை எடுத்தாள். நாலாவது. குலுக்கி, ஒரு மில்லி பிடிக்கும் கண்ணாடித் தட்டில் விட்டு, மூடி, கண்ணை வைத்தாள்.

முதலில் காற்றுக்குமிழி என்றுதான் நினைத்தாள்.

குமிழி முட்டிவிட்டுப் பின்வாங்காது. பின்வாங்கி, சற்றுத் திரும்பி, வேறு வழியாகப் போய்ப் பார்க்காது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். மறுபடி உட்கார்ந்து கண்ணை வைத்தாள். பள்ளிப் புத்தகத்தில் செருப்பு மாதிரிப் படம் போட்டிருப்பார்களே, அது. உடம்பைத் திருகிக்கொண்டு, கண்ணாடித் தட்டு முழுவதும் தன் வீடு என்பது போல நீந்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஓர் அழுகல் துணுக்கின் மேல் காம்பு ஊன்றிய மணிகள், வாயைத் திறந்து சுழல் கிளப்பி, திடீரென்று சுருண்டு, மெதுவாக மறுபடி நிமிர்ந்தன. கழுத்தை மட்டும் நீட்டி நீட்டித் துழாவும் ஒன்று. நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த ஒன்று. கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவதா, இரண்டு தடவையா என்று அவள் திகைத்தாள்.

வேலைக்கு வந்ததிலிருந்து உயிரோடு ஒன்றைக் கூட அவள் பார்த்ததில்லை. மருந்தில் ஊறியதைத்தான் எண்ணியிருக்கிறாள். கல்லூரியில் ஒருமுறை பார்த்தது. அப்போது நுண்ணோக்கிக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு அரை நிமிடம்.

நகர்ந்துகொண்டே இருப்பதை எண்ணுவது லேசில்லை. மூன்று முறை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. அறுபத்து நான்கு. அறுபத்தொன்று. சராசரியைப் பதிவேட்டில் மையால் எழுதினாள். முதலில் எழுதிவிட வேண்டும், யோசனை அப்புறம். அதுவும் அவள் சட்டம்தான்.

61.

அதன் மேலே ஒரு பக்கம் முழுக்கப் பூஜ்யங்கள்.

எழுதிய பிறகுதான் யோசித்தாள். கீழே டீ குடித்துக்கொண்டிருந்த பாட்டில்காரனைக் கூப்பிட்டாள்.

"நாலாவது பாட்டில்ல என்ன ஊத்தினே?"

"வழக்கமா ஊத்தறதுதான்."

"எவ்வளவு?"

"ஒரு மூடி. அது வந்து—"

"மோந்து பாரு."

மோந்தான். பாசி நாற்றம், சேற்று நாற்றம், கொஞ்சம் மீன். கண்ணைக் கரிக்கவைக்கும் அந்த மருந்து நெடி மட்டும் இல்லை. மூன்றாவது பாட்டிலைத் திறந்து அவன் மூக்கடியில் நீட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மறந்துட்டேன்க்கா. இனிமே இப்படி ஆகாது."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

6

[இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. அவள் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இதுகள் என்ன பெரிய இதுகள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மூன்று வருடம் பாட்டில் தூக்கியும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஏரியில் இலை விழும், பாசி சாகும், மீன் சாகும். எல்லாவற்றையும் பாக்டீரியா அரித்துத் தின்னும். தின்று பெருகும். கணக்குவழக்கில்லாமல் பெருகும். அதை யார் தின்பது? பாக்டீரியா மிகச் சின்னது. மீனுக்கு அது கண்ணில் படாத தூசு. அதைப் பிடித்துத் தின்னத் தோதான அளவில் வாயுள்ள பெருங்கூட்டம் இந்த ஒற்றைச்செல் பிராணிகள். உடம்பைச் சுற்றியுள்ள மயிர்களால் தண்ணீரைச் சுழற்றி, பாக்டீரியாவை வாய்க்குள் இழுத்துத் தள்ளும். ஒரே ஒன்று ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் விழுங்கும். விழுங்கியதில் உடம்பில் ஒட்டாத சத்து தண்ணீரில் கரைந்து, பாசிக்கு உரமாகப் போகும். இவற்றைத் தண்ணீர்ப்பூச்சி தின்னும். அன்றுதான் வாய் திறந்த மீன்குஞ்சும் தின்னும். மடிக்க வேண்டிய அவசியமில்லை. நேராகவே உள்ளே போகும்.

படகுக்காரரின் கேள்விக்கு இதுதான் பதில். அவர் வலையில் கனமாக விழுவது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தில் தொடங்கியது. அது இல்லையென்றால் மீன் இல்லை. மீன் இருந்தால் அது இருக்கிறது. குழந்தைக்கும் விளங்கும். ஒரு கட்டடம் நிறையப் படித்தவர்களுக்குப் பதினோரு வருடம் விளங்கவில்லை. கண்ணாடி போட்ட வரைபடம் நடைபாதையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால்.]

7

தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் நாலாவது பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தாள். மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லு. ஃபார்மலின் பாட்டிலில் ஊசிமுனையை நனைத்துச் சில்லின் ஓரத்தில் தொட்டாள். பிறகு கண்ணை வைத்தாள்.

பாட்டில்காரன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் கீழுதடு தொங்கியது.

"வந்து பாரு," என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

அவன் பார்த்தான். ஓரத்திலிருந்து மருந்து பரவிக்கொண்டு வந்தது. பாரமீசியம் ஒன்று பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. நின்றது. உடம்பின் ஒரு பக்கம் கொப்புளமாக உப்பியது. கொப்புளம் உடைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் பொடியாக வெளியே சரிந்து, தண்ணீரோடு தண்ணீராகக் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. இறந்த உடல் என்று சொல்லக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்தில் அடுத்தது. அதற்கடுத்தது.

ஓடு உள்ள ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது.

"ஒரு நிமிஷம் கூட ஆகலடா," என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பாட்டிலில் ஒருநாள் ஊறியதை எண்ணினால் அங்கே என்ன இருக்கும்? எண்ணுவதற்கு முன்னாலேயே, எண்ண வேண்டியதையெல்லாம் அவளே உடைத்துவிட்டிருக்கிறாள். ஆயிரக்கணக்கான பாட்டில்களில். வாராவாரம். மூடி அளந்து.

கவசம் உள்ளவை மட்டும் பிழைக்கும் ஏரி. அந்த ஏரி பாட்டிலுக்குள்தான் இருந்தது.

8

அவள் பழைய பதிவேடுகளை இறக்கினாள். எண்ணிக்கை சரிந்த அந்த வாரத்தின் பக்கம். ஒரு வாரம் எழுபது, அறுபத்தைந்து. அடுத்த வாரம் பூஜ்யம், பூஜ்யம். ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு வரி: 'இந்த வாரம் முதல் அயோடினுக்குப் பதில் ஃபார்மலின்.'

அதற்கு முன்புவரை அயோடின்தான். அயோடினில் இந்தப் பிராணிகள் செத்தாலும் உருக்குலையாமல் கிடக்கும். ஏன் மாற்றினாள்? அப்போது பாட்டில்களை அவளே பஸ்ஸில் கொண்டுவருவாள். ஒருநாள் ஒரு பாட்டில் ஒழுகி, பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பழுப்புக் கறை. அவர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். கத்தித் தீர்த்தார். கண்டக்டர் அவளைப் பெட்டியோடு நடுவழியில் இறக்கிவிட்டார். மூன்று கிலோமீட்டர் நடந்தாள். அடுத்த வாரம், கறை படாத, நிறமில்லாத ஃபார்மலின். தண்ணீர்ப்பூச்சிகளை அதில்தான் போட்டுவைப்பார்கள். காலம் காலமாக அப்படியே இருக்கும். அது போதுமென்று நினைத்தாள்.

ஒரு சட்டைக் கறை. அதற்காக நாற்பத்திரண்டு படகு.

அவள் பதிவேட்டை மூடிவிட்டு அழுதாள்.

9

தலைவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. பரிசோதனைக்கூடத்தின் தலைவர். இந்த மாதிரிக் கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும். அவருக்கு அடர்ந்த புருவமும் மெதுவான பேச்சும் கொடுத்து எழுதிப் பார்த்தேன். 'அவர் சிரித்தபோது அவர் கண்கள் மட்டும்—'

அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தண்ணீரில் கரைந்த உப்புகளைப் பற்றிப் படித்தவர். உயிருள்ளதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று அவரே சொல்லுவார். பாட்டில் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படுவார். அறிக்கையை நம்பினார், அக்காவை அதைவிட நம்பினார். கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவர் பதிவேட்டில் அறுபத்தொன்றைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கூட்டத்துக்கு மூணு நாள் இருக்கும்போது?"

"தண்ணி பிடிச்சவன் மருந்து ஊத்தலை சார்."

"அப்படின்னா அது செல்லாத பாட்டில். அவன்கிட்ட ஒரு பேப்பர் எழுதி வாங்கிடுங்க, தப்பு என்னோடதுன்னு. பதிவேட்டோட இணைச்சுடலாம். யாராவது கேட்டா காட்டலாம்."

"சரி சார்."

சரி சார் என்றுதான் சொன்னாள். ஸ்லைடின் ஓரத்தில் ஊசியால் தொட்டதை அவரிடம் சொல்லவில்லை. அது அவளுக்கும் பாட்டில்காரனுக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

அதனால்தான் இந்தப் பேப்பர் என் கையைச் சுடுகிறது. பாட்டிலில் மருந்து ஊற்றவில்லை என்று நான் எழுதிக்கொடுத்தால், அந்த ஒரே உண்மையான எண்ணிக்கையைத் தூக்கிக் குப்பையில் போட அது போதும். அதே பேப்பரைக் கூட்டத்தின் நடுவே நின்று வாசித்தால், மீதிப் பதிவேடுகளையெல்லாம் குப்பையில் போடவும் அது போதும். "எதுக்குக்கா இது?" என்று கேட்டேன். "எழுது, அப்புறம் சொல்றேன்," என்றாள். இன்று புதன்கிழமை. இன்னும் சொல்லவில்லை.

10

முடிவுகள்.

முதல் முடிவில் அக்கா கூட்டத்தில் எழுந்து நிற்கிறாள். எல்லாவற்றையும் சொல்கிறாள். மதகு திறக்கப்படவில்லை. படகுக்காரர் கரையில்—

இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். எனக்கு அவளைத் தெரியும். ஒருமுறை கடையில் மாறிப்போய் இரண்டும் இடதுகால் செருப்பாக வாங்கி வந்துவிட்டாள். மாற்றப் போனால் தப்பை ஒப்புக்கொண்டதாகும். மூன்று மாதம் அதையே போட்டு நடந்தாள். கேட்டவர்களிடம் கால்வலி என்றாள். அவளைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து அழகாகப் பேசவைக்க எனக்கு என்ன உரிமை?

இரண்டாவது முடிவில் என் பேப்பர் பதிவேட்டில் இணைக்கப்படுகிறது. அக்கா கையெழுத்துப் போடுகிறாள். ஏரியின் அடியில் சிமெண்ட் லாரிகள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் இதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். ஒன்றுமே ஆகாது. அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது முடிவு என்னுடையது. 'ஊற்றினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது. அப்போது அறுபத்தொன்று யாருக்கும் புரியாத ஒரு எண்ணாக நிற்கும். கூட்டத்தில் தலையைச் சொறிந்துவிட்டு ஒதுக்கிவைப்பார்கள். அக்கா எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். தம்பி தாங்கிக்கொண்டான். இதற்குப் பாசம் என்று ஒரு பெயர் உண்டு. வேறு பெயரும் உண்டு, அதை இங்கே எழுதவில்லை.

11

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். நோட்டை மறைக்க முடியவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு பக்கம் கேட்டா நாவல் எழுதியிருக்கே."

"அது வந்து—"

"ஒன்னு." பக்கத்தைத் திருப்பினாள். "நான் எங்கடா அழுதேன்?"

"கண்ணு கலங்கிச்சே."

"அத்தனை நேரம் லென்சுல கண்ணை வெச்சா எவனுக்கும் கலங்கும்." அந்த வரியை அடித்தாள். மேலே நீங்கள் படித்தீர்கள். நான் திரும்ப எழுதிச் சேர்த்துவிட்டேன்.

செருப்பு விஷயத்தை அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. "மூணு மாசம் இல்ல, நாலு," என்று திருத்தினாள்.

பிறகு பேனா ஓரிடத்தில் நின்றது.

"பதினோரு வருஷம்னு யார் சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"பன்னெண்டு வருஷம் நாலு மாசம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" ஒவ்வொரு இடமாகத் தேடித் திருத்தினாள். மேலே நீங்கள் படித்தது அவள் திருத்துவதற்கு முந்தையது. தப்புக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கூடியது. "அப்புறம் இது என்ன, ஆயிரக்கணக்கான பாட்டில்கள்? ஆயிரக்கணக்குன்னு ஒரு எண்ணு உண்டா? ரெண்டாயிரத்து ஐநூத்து அறுபத்தி மூணு. நாலாவதைச் சேக்காம."

"அக்கா, குறைச்சலா இருந்தா உனக்குத்தானே நல்லது?"

"எண்ணிக்கையில எனக்கு நல்லது உனக்கு நல்லதுன்னு என்னடா இருக்கு?"

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல. பிறகு தொடர்ந்து படித்தாள்.

கடைசிப் பக்கத்தில்தான் உண்மையான வாக்குமூலம் இருந்தது. தேதி, நேரம், பாட்டில் எண், நான் செய்யாமல் விட்டது. ஆறு வரி. அதற்குக் கீழே முடிக்கத் தெரியாமல் இரண்டு வரிகளை எழுதி வைத்திருந்தேன், ஒன்றை அப்புறம் அடித்துவிடலாம் என்று. அவள் இரண்டையும் படித்தாள். மறுபடி படித்தாள். பேனாமுனை முதல் வரிக்கு மேல் போனது, இரண்டாவதுக்கு மேல் போனது, காகிதத்தைத் தொடாமல் திரும்பி வந்தது.

"இதுல எண்ணு எதுவும் இல்லையே," என்றாள். பேனாவை மூடி என் பக்கம் உருட்டிவிட்டாள். "கையெழுத்தைப் போட்டு வை. காலையில ஏழரைக்கு எனக்கு கூட்டத்துக்கு பஸ்."

எழுந்து போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வரிகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டிலும் முதல் பாதி உண்மை. அவள் அடிக்கவில்லை. நான் அடித்தால் அது அவளுக்காக எடுத்த முடிவு, அடிக்காவிட்டால் அவளிடமே தள்ளிவிட்ட முடிவு. இரண்டுக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் அவளுக்குத் தம்பியும் இல்லை, தலைவரும் இல்லை, படகும் உங்களுடையது இல்லை. நோட்டை உங்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன். ஒன்றை அடியுங்கள்.

நாலாவது பாட்டிலில் மருந்து ஊற்றப்படவில்லை. ஆகவே இதன் எண்ணிக்கையை மட்டும் ஏற்க வேண்டாம்.

நாலாவது பாட்டிலில் மருந்து ஊற்றப்படவில்லை. ஆகவே இதன் எண்ணிக்கையை மட்டும் ஏற்கவும்.